மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் எச்.ஐ.வி உடலில் எங்கே தங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்கிறார்கள். தொற்றின் விகிதம் நெடுங்காலமாக மிக அதிகமாக உள்ள மாகாணங்களில் நம் குவாசூலு-நட்டாலும் ஒன்று. ஆனாலும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரிபேங்கிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குள் இந்தப் பேச்சு இன்னமும் தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது. டர்பனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் என்பதால், கோயில் மண்டபத்தில் உடல்நலக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னைத் தூண் பக்கம் தனியாக அழைத்துக் கேள்வி கேட்பார். ஒரு பெரியம்மா தம் மாத்திரை டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பையில் குலுங்கும் சத்தம் மருமகள் காதில் விழக் கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்திருந்தார். “பன்னெண்டு வருஷமா ஒருநாள் விடாம சாப்பிடுறேன், ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு கிளினிக்ல சொல்றாங்க, அப்புறம் ஏம்மா நிறுத்தக் கூடாது?” என்று கேட்டார். அன்று நின்றுகொண்டே சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அவருக்கும் அவரைப் போலக் கேட்டவர்களுக்கும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. அப்படியானால் வைரஸ் போய்விட்டது என்றுதானே பொருள்?

இல்லை. அந்தப் பரிசோதனை எதை எண்ணுகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கிவிடும். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்ப்பதற்காக உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை நாங்கள் இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவோம். சுழன்று நின்றதும் சிவப்பணுக்கள் அடியில் படிந்திருக்கும். அவற்றின் மேல் வெள்ளையணுக்கள் மெல்லிய ஆடைபோல ஒரு வரியாக நிற்கும். அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் இருக்கும். அந்த நீரைத்தான் பரிசோதிக்கிறோம். அதில் சுதந்திரமாக மிதக்கும் வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிரதிகளுக்கும் குறைவாக இருந்தால் ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்று எழுதுகிறோம். வைரஸ் ஒளிந்திருக்கும் இடமோ நடுவில் நிற்கும் அந்த மெல்லிய வெள்ளை வரி. அதை இந்தப் பரிசோதனை தொடுவதே இல்லை.

எனவே அறிக்கை பொய் சொல்லவில்லை. புதிய வைரஸ் உற்பத்தியாகி ரத்தத்தில் பரவவில்லை என்பதை அது சரியாகவே சொல்கிறது. செல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது அதன் வேலை அல்ல.

செல்லுக்குள் நுழைந்த வைரஸ் அங்கே என்ன செய்கிறது?

1983-ல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மோன்டான்யேயும் இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். 2008-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இது ரெட்ரோ வைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தின் குணம்தான் நம் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

எச்.ஐ.வி முக்கியமாகத் தாக்குவது நோய் எதிர்ப்புப் படையை நடத்தும் சிடி4 செல்களை. செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற புரதத்தையும், அதோடு பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தையும் பிடித்துக்கொண்டு அது உள்ளே நுழைகிறது. தன் மரபுக் குறிப்பை அது ஆர்.என்.ஏ வடிவத்தில் கொண்டுவருகிறது. அதன் நீளம் பத்தாயிரம் எழுத்துகூட இல்லை. உள்ளே வந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அந்தக் குறிப்பை டி.என்.ஏ-வாக மாற்றி எழுதுகிறது. பிறகு இன்டகிரேஸ் என்ற நொதி நம் செல்லின் டி.என்.ஏ-வை ஓரிடத்தில் வெட்டி, வைரஸின் டி.என்.ஏ-வை நடுவில் வைத்து ஒட்டிவிடுகிறது. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நம் மரபுக் குறிப்புக்குள் பத்தாயிரத்துக்கும் குறைவான எழுத்துகள் அந்நியமாக நுழைந்துவிட்டன. ஒட்டப்பட்ட இந்தப் பகுதிக்குப் புரோவைரஸ் என்று பெயர். அந்தக் கணத்திலிருந்து அது நம் டி.என்.ஏ-வின் ஒரு துண்டு. செல் உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு செல்களிலும் இருக்கும்.

அப்படி நுழைந்த செல்கள் எல்லாம் செத்துவிடும் என்கிறார்களே, பிறகு எது மிஞ்சுகிறது?

பெரும்பாலானவை சாகத்தான் செய்கின்றன. சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கும் சிடி4 செல்லுக்குள் வைரஸ் புகுந்தால், அந்தச் செல் வைரஸ்களை உற்பத்தி செய்துவிட்டு ஓரிரு நாளில் மடிந்துவிடும். ஆனால் மிகச் சில செல்களின் கதை வேறு மாதிரி முடிகிறது.

ஒருமுறை அம்மை கண்டவருக்கு மறுபடி அம்மை காண்பது அபூர்வம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர்களில் இது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அதற்குக் காரணம், ஒரு கிருமியை எதிர்த்துப் போராடிய செல்களில் சில, போர் முடிந்ததும் சாகாமல் ‘நினைவுச் செல்’களாக மாறி ஓய்வெடுப்பதுதான். அதே கிருமி பல வருடங்கள் கழித்து வந்தாலும் அவை விழித்துப் பெருகி எதிர்க்கும். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசி முதுமையிலும் காப்பாற்றுவது இவற்றால்தான்.

போராடிக்கொண்டிருக்கும் செல் ஓய்வு நிலைக்குத் திரும்பும் அந்த இடைவேளையில் எச்.ஐ.வி உள்ளே புகுந்துவிட்டால், வைரஸ் தன்னை ஒட்டிக்கொள்ளும், ஆனால் பெருகாது. பெருகுவதற்கு வைரஸுக்குச் செல்லின் உதவி வேண்டும். என்.எஃப்-கப்பா-பி போன்ற செல்லின் சொந்தப் புரதங்கள் வந்து தூண்டினால்தான் வைரஸின் மரபுக் குறிப்பு படிக்கப்படும். ஓய்வெடுக்கும் செல்லில் அவை டி.என்.ஏ இருக்கும் உட்கருவுக்கு வெளியே ஒதுங்கி நிற்கின்றன, டி.என்.ஏ-வும் இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வைரஸ் தானே தயாரிக்கும் ‘டாட்’ என்ற தூண்டு புரதமும் போதிய அளவில் இல்லை. ஆகவே செல் உறங்கும்போது வைரஸும் உறங்குகிறது.

நான் இந்தத் துறையில் கற்றவற்றில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். நம்மைக் காப்பதற்கென்றே நீண்ட ஆயுளோடு படைக்கப்பட்ட செல், தன் நீண்ட ஆயுளையே வைரஸுக்கும் கொடுத்துவிடுகிறது. இதில் நோயாளி செய்த தவறு எதுவும் இல்லை. “மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டிருந்தால் போயிருக்கும்” என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால், அது அறியாமல் சொல்வது.

உடலின் எதிர்ப்பு சக்தி அந்தச் செல்களைக் கண்டுபிடித்துக் கொல்லாதா?

கொல்லும் செல்கள் மற்ற செல்களின் மேற்பரப்பில் வைரஸ் புரதத்தின் துணுக்கு தெரிகிறதா என்று பார்த்துத்தான் கொல்கின்றன. உறங்கும் செல் வைரஸ் புரதத்தைத் தயாரிப்பதில்லை. ஆகவே அதன் முகத்தில் அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான செல்லும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் சாப்பிடும் மருந்து அங்கே போய்ச் சேராதா?

சேருகிறது, ஆனால் அங்கே அதற்கு வேலை இல்லை. 2019 முதல் நம் நாட்டு அரசு கிளினிக்குகளில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படும் டி.எல்.டி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் வேலையை நிறுத்துகின்றன. மூன்றாவது இன்டகிரேஸைத் தடுத்து, வைரஸ் டி.என்.ஏ நம் டி.என்.ஏ-வில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது மூன்றும் சேர்ந்து புதிய செல் ஒன்றுகூடத் தொற்றுக்கு ஆளாகாமல் காக்கின்றன. ஏற்கெனவே ஒட்டி முடிந்த புரோவைரஸை வெட்டி எடுக்கும் மருந்து அவற்றில் இல்லை. இன்றுவரை எந்தக் கிளினிக்கிலும் இல்லை.

நம் தாத்தாக்கள் நட்டாலின் கரும்புத் தோட்டங்களில் கோரையோடு மல்லுக்கட்டியவர்கள். மேலே தெரியும் புல்லை எத்தனை முறை பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். களை எடுக்க ஒரு பருவம் ஆள் வராவிட்டால் கொல்லை முழுக்கப் பச்சை ஏறிவிடும். உங்கள் மாத்திரை தினமும் வந்து களை எடுத்துவிட்டுப் போகிறது. வயல் சுத்தமாக இருக்கிறது, கரும்பு நன்றாக வளர்கிறது. கிழங்கு மட்டும் உள்ளே இருக்கிறது.

அப்படி உறங்கும் செல்கள் எத்தனை இருக்கும்? காலப்போக்கில் தாமாகவே அழிந்துவிடாதா?

மருந்தால் ரத்தம் சுத்தமாகிவிட்ட நோயாளிகளின் உடலிலும் இந்த உறங்கும் செல்கள் இருப்பதை 1997-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக நிரூபித்தன. அவற்றில் ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோவின் குழு. ஓய்வு நிலையில் உள்ள பத்து லட்சம் சிடி4 செல்களை எடுத்து எழுப்பிப் பார்த்தால், ஏறத்தாழ ஒன்றிலிருந்து மட்டும் தொற்றக்கூடிய வைரஸ் வெளிவருகிறது. ஒட்டிக்கொண்ட வைரஸ்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எழுத்துப் பிழையாலோ பெரிய பகுதிகள் விடுபட்டதாலோ பழுதானவை. அவற்றால் மறுபடி பெருக முடியாது. ஆபத்து மீதியுள்ள சொற்பத்தில்தான்.

அந்தச் சொற்பமும் கரையும் வேகம் மிக மெதுவானது. அது பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக 44 மாதங்கள் பிடிக்கின்றன. உடலில் இப்படிப்பட்ட செல்கள் பத்து லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடலாம். பத்து லட்சத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒன்றுக்கு வந்துசேர 20 முறை பாதியாக்க வேண்டும். 20 முறை, ஒவ்வொன்றுக்கும் 44 மாதம் என்றால் 880 மாதம். அதாவது 73 வருடங்களுக்கும் மேல். பன்னிரண்டு வருடம் சாப்பிட்ட அந்தப் பெரியம்மாவின் கேள்விக்கு இந்தக் கணக்குதான் என் பதில்.

இத்தனை மெதுவாகக் குறைவதற்கு இன்னொரு காரணமும் பிற்பாடு தெரிய வந்தது. நினைவுச் செல்கள் சும்மா கிடப்பதில்லை. பழைய கிருமி எதையாவது சந்திக்கும்போதோ, தங்கள் எண்ணிக்கையைச் சரிக்கட்டவோ பிரிந்து பெருகுகின்றன. ஒரே நோயாளியின் பல செல்களில் வைரஸ் டி.என்.ஏ மிகச் சரியாக ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதை 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 300 கோடி எழுத்துகளில் தற்செயலாக அப்படி அமைவது நடக்காத காரியம். அவை ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிரிந்தவை. புதிதாக ஒரு செல்லைக்கூடத் தாக்காமல், செல்லின் பெருக்கத்தோடு சேர்ந்தே வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கோரைக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிழங்கு விடுவதும் இப்படித்தான்.

ரத்தத்தில் மட்டும்தான் ஒளிந்திருக்கிறதா?

உடலின் லிம்போசைட் செல்களில் (சிடி4 செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) ஏறத்தாழ 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் மண்ணீரலிலும் இருக்கின்றன. உறங்கும் வைரஸும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மூளையில் உள்ள மைக்ரோகிளியா செல்களிலும் அது தங்குகிறது.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறேன். அந்த நாட்களில் மட்டும் மாத்திரையை நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள்; கேட்காமலேயே நிறுத்துகிறவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உறங்கும் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுவதில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று அங்கங்கே எழுந்தபடியேதான் இருக்கின்றன. மருந்து இருக்கும்போது, எழுந்த செல்லிலிருந்து வெளிவரும் வைரஸ் அடுத்த செல்லைப் பிடிக்க முடியாமல் அழிகிறது. எப்போதாவது உங்கள் அறிக்கையில் எண்ணிக்கை சற்று ஏறி, அடுத்த முறை தானே இறங்கியிருப்பது பெரும்பாலும் இதனால்தான். மருந்து இல்லாத உடலில் எழுந்த ஒரு செல்லே போதும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் ரத்தத்தில் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். மருந்தின் அளவு அரைகுறையாக இருக்கும் நாட்களில் பெருகும் வைரஸ், அந்த மருந்துக்கு அடங்காத வகையாக மாறும் வாய்ப்பும் உண்டு. கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தொற்றும் உடன் இருப்பவர்களுக்கு இன்னும் ஓர் ஆபத்து இருக்கிறது. டி.எல்.டி-யில் உள்ள இரண்டு மருந்துகள் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். நீங்கள் இரும்புச் சத்து அல்லது கால்சியம் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் மட்டும் ஒரு கவனம் வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து எடுக்காதபோது இவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. ஆகவே விரத நாட்களில் டி.எல்.டி-யை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுங்கள். அலுமினியமோ மக்னீசியமோ உள்ள நெஞ்செரிச்சல் மருந்துக்கும் இதே இடைவெளி பொருந்தும். அது சாப்பாட்டோடு எடுத்தாலும் இடைவெளி வேண்டும்.

மூலிகையாலோ உணவாலோ உள்ளே ஒளிந்திருப்பதை வெளியேற்ற முடியாதா?

முடியாது. டி.என்.ஏ-வுக்குள் ஒட்டிய எழுத்துகளை எந்தக் கஷாயமும் தேடி எடுக்காது. இந்த நாடு இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் மருந்துக்கு ஈடாகப் பேசப்பட்ட காலத்தில், 2000 முதல் 2005 வரை மருந்து கொடுக்கத் தாமதித்ததால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். அந்த வருடங்களில் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த சிடி4 எண்ணிக்கைகளை நான் மறக்கவில்லை.

யாருக்காவது முழுமையாகக் குணமாகியிருக்கிறதா?

மிகச் சிலருக்கு. முதலாமவர் ‘பெர்லின் நோயாளி’ என்று அறியப்பட்ட திமோத்தி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக அவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டது. மஜ்ஜை கொடுத்தவர் பிறவியிலேயே சிசிஆர்5 புரதம் இல்லாதவர். புதிய செல்களுக்குள் நுழைய வைரஸுக்கு வழி இல்லாமல் போயிற்று. பழைய செல்களைச் சிகிச்சையும் புதிய மஜ்ஜையும் சேர்ந்து அழித்துவிட்டன. 2020-ல் திரும்பி வந்த புற்றுநோயால் அவர் இறந்தபோது எச்.ஐ.வி அவரிடம் இல்லை. லண்டனில் ஆடம் காஸ்டிலியேஹோவும் பிறகு வேறு சிலரும் இவ்வாறே குணமானார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையே உயிரைப் பறிக்கக்கூடியது. புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு அதைச் செய்வது நியாயமே இல்லை.

தோல்வியடைந்த முயற்சிகளையும் சொல்ல வேண்டும். அவற்றிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொண்டோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு பேருக்கு, சிசிஆர்5 புரதம் உள்ளவர்களின் சாதாரண மஜ்ஜை மாற்றப்பட்டு, எவ்வளவு தேடியும் வைரஸ் கிடைக்காத நிலை வந்தது. மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் வைரஸ் திரும்பியது. பிறந்து 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கப்பட்ட மிசிசிப்பி குழந்தைக்கு, மருந்தில்லாமல் 27 மாதங்கள் கடந்த பிறகு 2014-ல் திரும்பியது. நம் நாட்டிலோ, 2007-ல் பிறந்து சில மாதங்களிலேயே 40 வாரங்கள் மட்டும் மருந்து எடுத்த ஒரு குழந்தை, அதன்பின் எட்டரை வருடங்கள் மருந்தே இல்லாமல் வைரஸ் எழாமல் இருப்பதாக 2017-ல் அறிவித்தார்கள். அந்தக் குழந்தையின் சில செல்களில் வைரஸின் தடயம் இருந்தது. பெருகும் வைரஸ் இல்லை. இரண்டு குழந்தைகளுக்கும் சிசுப் பருவத்திலேயே சிகிச்சை, ஆனால் வெவ்வேறு முடிவு.

உறங்கும் வைரஸை எழுப்பிக் கொல்ல ஏதாவது முயற்சி நடக்கிறதா?

நடக்கிறது. முதலில் வோரினோஸ்டாட் போன்ற புற்றுநோய் மருந்துகளால் சுருண்ட டி.என்.ஏ-வைத் தளர்த்தி வைரஸை எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்தது, ஆனால் எழுந்த செல்கள் சாகவில்லை. எழுப்பினால் மட்டும் போதாது, கொல்லும் ஆளும் அங்கே தயாராக நிற்க வேண்டும் என்பது புரிந்தது.

அடுத்த கட்டத்தின் ஒரு பகுதி சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்திலேயே, உம்லாசியில் நடந்தது என்பதை நம்மவர்கள் பலர் அறிய மாட்டார்கள். அங்கே ‘ஃபிரெஷ்’ என்ற ஆய்வில் 18 முதல் 23 வயது வரையிலான இளம்பெண்கள் வாரத்துக்கு இரண்டு முறை வந்து விரல் நுனியில் ரத்தம் கொடுத்தார்கள். வேலைவாய்ப்புக்கான பயிற்சியும் பெற்றார்கள். தொற்று ஏற்பட்டால் சில நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. உடனே மருந்து தொடங்கப்பட்டது. அப்படி ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கியவர்களில் 20 பேருக்கு, எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் வெசாடோலிமோட் என்ற மருந்தும், வைரஸின் பல வகைகளைப் பிடிக்கக்கூடிய இரண்டு எதிர்ப்புரதங்களும் கொடுக்கப்பட்டன. எதிர்ப்புரதங்களில் ஒன்றின் மூலம் இந்த மாகாணத்துப் பெண் ஒருவரின் ரத்தத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. பிறகு கடும் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். தும்பி இண்டுங்கு தலைமையிலான குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவின்படி, 20 பேரில் 4 பேர் ஆய்வு முடியும்வரை, ஒரு வருடத்துக்கும் மேலாக, மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். மற்ற 16 பேர் மீண்டும் மருந்துக்குத் திரும்பினார்கள். நான்கு பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். எனக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை. ஆனால் இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கவே கூடாது. அந்தப் பெண்களுக்கு அடிக்கடி ரத்தம் பார்த்து, வைரஸ் எழுந்தவுடன் மருந்தைத் தொடங்க ஆட்கள் இருந்தார்கள்.

வைரஸ் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் கணவருக்கு என்னிடமிருந்து தொற்றாதா?

வைரல் லோடு தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவின் மூலம் தொற்றாது. பல ஆயிரம் ஜோடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன. இதில் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் நான் ரத்ததானம் செய்யலாமே, ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

ரத்ததானத்தில் செல்களே கைமாறுகின்றன. ஒரு பையில் சுமார் 450 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும். உங்கள் சிடி4 எண்ணிக்கை 700 என்றால் அது ஒரு மைக்ரோலிட்டருக்கான கணக்கு. அந்தப் பையில் சிடி4 செல்கள் மட்டும் 31 கோடிக்கும் மேல் இருக்கும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்று வைத்தாலும், உறங்கும் வைரஸைச் சுமக்கும் செல்கள் முந்நூறு அந்தப் பைக்குள் போய்விடும். அதை ஏற்றிக்கொள்பவரின் உடலில் அவற்றை அடக்கி வைக்க மருந்து இருக்காது.